வன்னி மாணவியரும் சட்டக் கல்வியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

எமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய மாணவிகளின் உயர்கல்வி பற்றி எழுதும்படி மலர்க்குழு கேட்டபோது, நாங்கள் முதலில் துறைவாரியாகப் பெயர்களை எண்ணிப் பார்த்தோம். ஆசிரியைகள் ஏராளம். தாதியர், கிராம சேவையாளர், அபிவிருத்தி உத்தியோகத்தர் என அரச சேவையில் இருப்போரும் பலர். மருத்துவர்களாகவும் சிலர் இருக்கிறோம். சட்டத்தரணிகளை எண்ணத் தொடங்கியபோது ஒரு கையின் விரல்களே மிஞ்சிவிட்டன. ஆகவே நிறைந்த பக்கங்களை மற்றவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிட்டு, இந்த மெலிந்த பக்கத்தையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். உடையார்கட்டு, விசுவமடு, சுதந்திரபுரம், வள்ளிபுனம் என்று பரந்தன்–முல்லைத்தீவு வீதியின் இருமருங்கிலும் இருந்து சைக்கிள் மிதித்து வந்த பிள்ளைகள் கெட்டித்தனத்தில் குறைந்தவர்கள் அல்லர். அப்படியிருக்க, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த போதெல்லாம் சட்டத்தை ஏன் கேட்காமல் விட்டோம்?

சட்டம் தெரியாத ஊரில் நாங்கள் பிறக்கவில்லை. குடியேற்றத் திட்டங்களில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் ‘பேர்மிற்’ என்ற சொல் அரிச்சுவடிக்கு முன்பே பழக்கம். காடு வெட்டி, குளத்துக்குக் கீழே வயலும் மேட்டிலே வீட்டுக்காணியும் பிரித்துக் கொடுத்தபோது அரசாங்கம் தந்த காணி அனுமதிப்பத்திரம் அது. றங்குப்பெட்டியின் அடியில், சேலைக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் கீழே இருக்கும். அதன் தாய்ச்சட்டம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கே எழுதப்பட்டது. அவர் பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் இறந்தால், மனைவி ஆயுட்காலத்துக்கு அனுபவிக்கலாம். மறுமணம் செய்தால் அந்த உரிமையும் போய்விடும். அவளுக்குப் பிறகு காணி யாருக்கு என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொன்னது. மகன் இருக்க மகளுக்கு இல்லை. மகன்மாருக்குள்ளும் மூத்தவனுக்கே முதலுரிமை. மூன்று அக்காமாரும் ஒரு தம்பியும் உள்ள வீட்டில் அந்தத் தம்பி தவழும் வயதிலேயே காணிக்காரன் ஆகிவிடுவான். இது எங்கள் வழக்கம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். கொழும்பில் அச்சடித்த அட்டவணை ஒன்றில் அது இருந்ததைப் பின்னர்தான் அறிந்தோம்.

உறுதிக்காணி உள்ளவர்களுக்கு வேறொரு சட்டம். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, 1806இல் ஆங்கிலேயரால் சட்டமாக ஏற்கப்பட்டது. 1911இன் கட்டளைச் சட்டம் அதன் விவாக, உரிமைவழிப் பகுதிகளை மாற்றி அமைத்தது. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொற்கள் எங்கள் வீட்டுப் பேச்சில் கலந்தவை. சீதனமாகத் தன் பெயரில் காணி வரும் பெண்ணும் அதை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காதபோது மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். கணவன் எங்கே என்று தெரியாத ஒருத்திக்கு இதன் பொருள் என்ன என்பதைப் பின்னாளில் கண்டோம். அதைக் கீழே சொல்கிறோம்.

சட்டம் கற்கும் வாசல் பெண்களுக்குத் திறந்தது தாமதமாகத்தான். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கி 1892இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சட்டக் கல்வி 1874இலேயே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தும், பெண் வழக்கறிஞராகலாம் என்று சட்டசபை கட்டளைச் சட்டம் இயற்றியது 1933இல். கொழும்பில் பிறந்த பார்சிப் பெண் அவாபாய் மேத்தா இலண்டனில் வழக்கறிஞர் தேர்வில் சித்தியடைந்ததை அடுத்தே இங்கே அந்தத் தடை அசைந்தது. 1931இல் வாக்குரிமை பெற்றுவிட்ட இலங்கைப் பெண், வழக்குரைக்கும் உரிமைக்கு மேலும் இரண்டு வருடம் காத்திருந்தாள். மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் இடையில் 41 வருட இடைவெளி. ‘டொக்டரம்மா’ என்ற சொல் எங்கள் பாட்டிமார் காலத்திலேயே நாவில் பழகிப்போனதற்கும், ‘அப்புக்காத்து’ என்ற சொல் ஆணுக்கே ஒட்டி நின்றதற்கும் இந்த இடைவெளி ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். வாய் கூடிய சிறுமியைப் பார்த்து “என்ன, அப்புக்காத்துக் கதை கதைக்கிறாய்?” என்று கேட்பது ஏச்சாகவே இருந்தது. 1973இன் சட்டம் அப்புக்காத்து, பிறக்கிராசி என்ற இரு வகுப்பையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயரைத் தந்தது. ஏச்சு மட்டும் பழைய பெயரிலேயே தொடர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டப்படிப்பு 1947இல் தொடங்கிற்று. அது பேராதனைக்குச் சென்று 1965இல் கொழும்புக்கே திரும்பி வந்தது. தமிழரான பேராசிரியர் ரி. நடராஜா அங்கே நீண்டகாலம் சட்டத்துறையை வழிநடத்தினார். இலங்கையின் சட்ட முறைமை பற்றிய அவரது நூல் 1972இல் வெளிவந்தது. ஆனால் வன்னிப் பிள்ளைக்குக் கொழும்பு என்பது அன்று வேறு நாடு மாதிரி.

பல்கலைக்கழக அனுமதியின் கதையைத் தரப்படுத்தல் இல்லாமல் சொல்ல முடியாது. 1970களின் முற்பகுதியில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியதும், 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டைக் கொண்டுவந்ததும் யாழ்ப்பாண மாணவர்களை, குறிப்பாக மருத்துவமும் பொறியியலும் கேட்டவர்களை, எவ்வளவு பாதித்தன என்பது பலரும் எழுதிய வரலாறு. அதன் மறுபக்கத்தை எழுதியவர் குறைவு. நல்ல ஆய்வுகூடமும் ரியூசனும் இல்லாத வன்னிக்கு மாவட்ட ஒதுக்கீடு ஒரு சிறு கதவைத் திறந்தது. இதைச் சொல்வது எங்களவர் சிலருக்கு உவப்பாக இராது. ஆனாலும் அந்தக் கதவால் போனவர்கள் நாங்கள். மறைக்க எங்களால் முடியாது. மொழியைப் பார்த்து ஒருவரின் புள்ளியைக் குறைத்தது அநீதி. ஆய்வுகூடம் இல்லாத ஊரைப் பார்த்து இடம் ஒதுக்கியது வேறு விடயம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிவிட்டோம்.

1979இல் இருந்து திறமைக்கு 30 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 வீதம் என்று இருந்தது. பிற்காலத்தில் அது 40, 55, 5 ஆயிற்று. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1970களின் இறுதியில், கிளிநொச்சி 1984இல். இந்தப் பிரிப்பால் எங்களுக்கென்று சொந்த வெட்டுப்புள்ளி வந்தது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையோடு இசட் புள்ளி வந்த பின்னரும் மாவட்ட முறை நின்றது. சட்டத்துக்கும் மாவட்டவாரியாகவே வெட்டுப்புள்ளி வெளியாகிறது. அதாவது வாசல் இருந்தது. அந்த வாசலில் நாங்கள் தட்டவில்லை.

ஏன் என்பதற்கு எங்கள் காலத்தையே சொல்லலாம். 1990களில் ஏ9 பாதை மூடிக் கிடந்தது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும் 1996இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்களால் உடையார்கட்டின் வளவுகள் நிறைந்தன. ஒரு மாமரத்தின் கீழ் இரண்டு குடும்பம். உயர்தரத்துக்கு ஜாம்போத்தல் விளக்கில் படித்தோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூல் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தால் அது வகுப்பு முழுவதற்கும் கைமாறும். எங்கள் கைக்கு வரும்போது அட்டை இருக்காது. விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். மேலே எழுதியதே முதலில் பார்க்கப்படும். மேலே உள்ள ஒன்று கிடைத்துவிட்டால் கீழே உள்ளவற்றுக்குப் புள்ளி போதுமா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கலைப்பிரிவுத் தோழிகள் யாழ்ப்பாணக் கலைப்பீடத்தை முதலில் எழுதினார்கள். சட்டத்தை எழுதியவர்களும் அதை அதற்குக் கீழே எழுதினார்கள். கீழே எழுதிய சட்டம் எவருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்க வழியும் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அன்று அரச பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தெரிந்த சட்டப் படிப்பு கொழும்பில் மட்டுமே இருந்தது. கொழும்பு போவதென்றால் இந்தப் பக்கம் ஒரு பாஸ், அந்தப் பக்கம் ஒரு பாஸ். சில காலம் தாண்டிக்குளம், சில காலம் உயிலங்குளம், சில காலம் பிரமனாலங்குளம். போய்ச் சேர்ந்தால் லொட்ஜில் பொலிஸ் பதிவு. அடையாள அட்டையில் வன்னி முகவரி உள்ள இளம்பெண்ணைப் பயங்கரவாதத் தடைச்சட்டம் நடைமுறையில் இருந்த நகரத்துக்கு எந்தத் தாய் அனுப்புவாள்? மருத்துவத்துக்கு யாழ்ப்பாணம் இருந்தது. அதற்கே அழுதுதான் அனுப்பினார்கள். இன்னொன்றும் உண்டு. டொக்டரையும் ரீச்சரையும் நாங்கள் நாள்தோறும் கண்டோம். கறுத்தக் கோட்டுப் போட்ட பெண்ணை எங்களில் எவரும் நேரில் கண்டதில்லை. காணாத ஒன்றுக்கு விண்ணப்பிப்பது கடினம்.

வன்னியில் அக்காலத்தில் வேறொரு நீதி நிர்வாகமும் இயங்கியது என்பதை இங்கே விட்டுவிட முடியாது. 1993இல் இருந்து அதற்கென நீதிமன்றங்கள் இருந்தன. சட்டக் கல்லூரி இருந்தது. சட்டத் தொகுப்புகளும் அச்சாயின. எங்கள் வயதுப் பெண்கள் அங்கே சட்டம் படித்தார்கள், வழக்காடினார்கள், தீர்ப்பும் எழுதினார்கள். அப்புக்காத்து ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் முதலில் உடைந்தது அங்கேதான். 2009க்குப் பின் அந்தப் படிப்புக்கு எந்தப் பெறுமதியும் இருக்கவில்லை.

2009 ஜனவரி 21 அன்று அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் அடங்கியது. அந்த நாட்களில் அங்கே நடந்ததை இம்மலரில் வேறு சகோதரிகள் எழுதுகிறார்கள். எங்கள் விடயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: பங்கர்களில் இருந்தும் ஒவ்வோர் இடமாக ஓடியும் பெண்கள் கடைசிவரை கைவிடாத பொருள் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய பேர்மிற்றும் சான்றிதழ்களும். செட்டிகுளம் முகாமில் 2009 ஆகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதிய தங்கைமாரில் சிலரிடம் பிறப்புச் சான்றிதழே இருக்கவில்லை. எந்த மாவட்டத்தில் படித்தோம் என்பதை நிறுவ அதிபரின் கையெழுத்து வேண்டும்; அந்த அதிபர் எந்த முகாமில் என்று தேட வேண்டும்.

ஊர் திரும்பிய பின்னரே சட்டம் எவ்வளவு வேண்டியது என்று விளங்கியது. காணாமற்போன கணவனின் பெயரில் பேர்மிற். அவர் இறந்தார் என்று எழுதினால் காணி அலுவல் நடக்கும், எழுத மனம் வராது. சாட்சியக் கட்டளைச் சட்டம் குறித்த காலம் செய்தி இல்லாதவரை இறந்தவராக ஊகிக்க இடம் கொடுத்தது. 2010இன் சட்டம் ஒரு வருடத்திலேயே இறப்புச் சான்றிதழ் பெற வழிவிட்டது. இரண்டும் வேண்டாம், அவர் வருவார் என்று சொன்னவர்களுக்காக 2016இல் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ வந்தது. இந்த மூன்றுக்கும் வேறுபாட்டை ஒரு தாய்க்கு, அவள் தமிழில், அவசரப்படாமல் விளக்க எத்தனை பேர் இருந்தார்கள்? கந்தோர்களில் அவர்களை வரிசையில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் பிறகு எங்களிடம் வந்தார்கள், நித்திரை வருகுதில்லை என்று. மருந்து எழுதினோம். அவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியிருந்தது ஒரு சட்டத்தரணி.

எங்களில் சட்ட வைத்திய அறிக்கை எழுதுகிறவர்கள் நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போகிறோம். வல்லுறவு வழக்கில், பதினாறு வயதுப் பிள்ளையின் உடலில் கண்ட காயங்களை ஆண்கள் நிறைந்த மன்றில் வாசிக்கிறோம். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்ப்பது எங்களை. அவளுக்காக எழுந்து பேச எங்களுக்கு உரிமை இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டும்.

2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, மகனுக்கு முன்னுரிமை என்ற விதி நீங்கியது. 87 வருடம் கழித்து மூத்த மகளும் வரிசையில் முன்னே வந்தாள். ஆனால் பழைய விதியின்படி ஏற்கெனவே பதிவான காணிகளின் பிணக்குகள் இன்றும் பிரதேச செயலகங்களின் கோப்புகளில் கிடக்கின்றன.

இனி, இவ்வருடம் விண்ணப்பிக்கும் தங்கைமாருக்குச் சில விபரங்கள். சட்டம் கலைப்பிரிவுக்கு மட்டும் உரியதன்று. உயிரியல், கணிதம், வர்த்தகம் எதில் சித்தியடைந்தவரும் கேட்கலாம். மருத்துவத்துக்குச் சில தசமத்தால் தவறுகிற உயிரியல் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும். எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. இன்று கொழும்பு மட்டுமல்ல, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் சட்டத்துறை உண்டு. யாழ்ப்பாணத்தில் அது கலைப்பீடத்தின் கீழ் இருக்கிறது. பட்டப்படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடப்பதால் ஆங்கிலத்தை இப்போதே பிடித்துக்கொள்ள வேண்டும். இடம் கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. புதுக்கடையிலுள்ள சட்டக் கல்லூரியின் நுழைவுத் தேர்வும் உண்டு. அங்கே ஆங்கிலத்தில் மட்டுமே பரீட்சை என்று கொண்டுவந்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்ததால் தமிழில் எழுதும் வாய்ப்பு நிற்கிறது. எந்த வழியால் போனாலும் சட்டக் கல்லூரியின் இறுதித் தேர்வும் பயிலுநர் காலமும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த பின்னரே மன்றில் தோன்றலாம். பட்டத்தோடு நின்றுவிட வேண்டாம்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில். தெரிவு வரிசையின் விதி மட்டும் பழையதுதான்: சட்டம் வேண்டுமென்றால் மேலே எழுதுங்கள். பெறுபேறு வந்த பின் பாடசாலைக்கு வந்தால், படிவம் நிரப்பும் நாளில் எங்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்போம்.