எட்டுக் கட்டை யாருக்கு?

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது, நான் போன பாட்டு வகுப்பில் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே சுருதி: ஐந்தரைக் கட்டை. மேல் பஞ்சமம் வந்தாலே என் தொண்டை கிழிஞ்சிடும். "உனக்குச் சாரீரம் இல்லம்மா"ன்னாங்க. நம்பிட்டேன், நிறுத்திட்டேன். பதினைந்து வருஷம் கழிச்சு, போன்ல ஒரு தம்பூரா ஆப்பை நாலு கட்டையில் வெச்சுச் சும்மா பாடினேன். பாட்டு வந்துச்சு! சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமா வந்தது. இந்தக் கட்டைக் கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன்.

கட்டைன்னா ஆர்மோனியத்தின் கட்டைதான். மேற்கத்தியர் 'சி' என்று சொல்லும் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு. நடுவில் இருக்கும் கறுப்புக்கு 'அரை' சேர்த்துச் சொல்வோம். எட்டாவது வந்தா மறுபடி முதல் ஸ்வரமே, ஒரு ஸ்தாயி மேலே. ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. அதுக்கு முன்னாடி தம்பூராவைப் பாடுறவர் குரலுக்கு ஏத்த மாதிரி முறுக்கிச் சேர்த்தாங்க, அவ்வளவுதான். நம்பர் கிடையாது. நம்பர் இல்லைன்னா ஒப்பிட்டுப் பெருமை பேசவும் வழியில்லை, பாருங்க.

பெருமையை வளர்த்தது நாடக மேடை. மைக் இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்கணும். உச்சஸ்தாயியில் பாடினால்தான் குரல் அவ்வளவு தூரம் போகும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்த மேடையின் நட்சத்திரங்கள். 1933ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27தான். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டால் இன்னிக்கும் சிலிர்க்கும். (எத்தனை கட்டைன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். பழைய தட்டு கொஞ்சம் வேகமாச் சுத்தினாலே சுருதி ஏறிடும்.) 'எட்டுக் கட்டைக் குரல்'ங்கிற பாராட்டுக்குப் பின்னால் இந்த மேடைதான் இருக்கு. அதாவது, அது ஒரு கொட்டகையின் தேவை. நாம அதைத் திறமையின் அளவுகோலா மாத்திட்டோம்.

மைக் வந்ததும் அந்தத் தேவை போச்சு. ஆண்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கிட்டாங்க. ஒரு கட்டையில் பாடினால் யாரும் குறை சொல்றதில்லை. பெண்களுக்கு மட்டும் ஐந்து, ஐந்தரை என்பது எழுதாத சட்டம் மாதிரி நின்னுடுச்சு. இத்தனைக்கும் டி.கே. பட்டம்மாளின் கனமான, தாழ்ந்த குரல் நம்ம கண் முன்னாடியே இருந்தது. ஒரு வேடிக்கை: 1940ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. பெட்டி வெளியே போச்சு, அதன் நம்பர் மட்டும் போகலை.

சுருதியைத் தேர்ந்தெடுக்கும் வழி எளிது. கீழ்ப் பஞ்சமம் காத்தாகிப் போகாமல் கேட்கணும், மேல் பஞ்சமம் கத்தலாகக் கூடாது. ரெண்டும் நிற்கிற இடம்தான் உங்க சுருதி. மாத்தினால் வயலின்காரர் தந்தியைத் திரும்பச் சேர்க்கணும், மிருதங்கக்காரர் அந்தச் சுருதிக்குரிய வேற மிருதங்கம் கொண்டுவரணும். கச்சேரிகளில் அதெல்லாம் வழக்கமா நடக்கிறதுதான்.

நான் இப்போ நாலு கட்டை. சளி பிடிச்ச நாள்ல மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. ஆர்மோனியத்தில் அங்கே கட்டையே கிடையாது. ஆப்பில் ஒரு சின்ன முள் இருக்கு, அதை நகர்த்திக்குவேன்.