கட்டுச்சோறும் கட்டுநெருப்பும்

லாபு என்னும் மலாய்ச் சொல் சுரை, பூசணி முதலிய காய்களைக் குறிக்கும். முற்றிய சுரையைக் குடைந்து உலர்த்தினால் அது நீர்க்குடுக்கையாகும். குழாய்நீரும் புட்டிநீரும் இல்லாத காலத்தில் வழிநடப்போரின் தோளில் தொங்கியது அக்குடுக்கையே. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பான் வட்டாரத்தைச் சேர்ந்த தோட்டப்புற ஊர் ஒன்றுக்கும் லாபு என்றே பெயர். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த அவ்வூரின் பெயரிலேயே வழிப்பயணத்தின் நினைவு தங்கியிருக்கிறது. வழியுணவின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இஃது ஏற்ற தொடக்கமாகும்.

இந்நாளில் கடைகளில் ஒரு புதுவகைச் சோற்றுப்பெட்டி விற்பனைக்கு வந்துள்ளது. அதற்கு அடுப்பு வேண்டா, விறகு வேண்டா, மின்சாரமும் வேண்டா. பெட்டியின் அடித்தட்டில் ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அதன்மேல் சிறிது தண்ணீரை ஊற்றி, உணவுத் தட்டை மேலே வைத்து மூடினால், சில நிமிடங்களில் நீராவி எழும். கால்மணி நேரத்தில் சோறும் குழம்பும் சூடாகிவிடும். பாசறை அமைக்கும் சாரணர்க்கும், மலையேறுவோர்க்கும், வெள்ளத்தில் சிக்கியோர்க்கும் இது பயன்படும் என்பர். புதுமையிற் புதுமை போல் தோன்றும் இப்பெட்டியின் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தோட்டத் தமிழர்க்கும் பங்கு உண்டு என்பதே இங்குக் காட்டப்படுவது.

வழியுணவு

வீட்டுச் சமையல் வேறு, வழிச்சமையல் வேறு என்பதைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். கட்டுச்சோறு, பொதிசோறு, கட்டமுது என்று அதற்குத் தனிப்பெயர்களே வழங்கின. திருநாவுக்கரசர் திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியால் இளைத்தபோது, இறைவன் அந்தணர் வடிவில் வந்து பொதிசோறு அளித்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. வழியில் வந்து வாய்க்கும் சோறு எத்துணை அருமையுடையதாகக் கருதப்பட்டது என்பதற்கு இது சான்றாகும்.

கட்டுச்சோற்றின் இலக்கணம் ஒன்றே: கெடாமல் இருக்க வேண்டும். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வளர ஈரமும் மிதமான வெப்பமும் வேண்டும். புளியின் அமிலம் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது; உப்பு அவற்றுக்குக் கிடைக்கக்கூடிய நீரைக் குறைக்கிறது. புளிச்சோறு ஏன் வழிச்சோறாயிற்று என்பது இப்போது விளங்கும். அவலும் பொரிமாவும் ஈரமே இல்லாதவை; ஆதலின் அவை பல நாள் தாங்கின. நுண்ணுயிர் என்னும் சொல்லை அறியாத பாட்டிமார் அதன் இயல்பை அறிந்தே சமைத்தனர்.

ஆயினும் கட்டுச்சோற்றுக்கு ஒரு குறை இருந்தது. சோற்றைக் கட்டிக்கொள்ளலாம், நெருப்பைக் கட்டிக்கொள்ள இயலாது. வழியுணவு என்றால் ஆறிய உணவு என்பதே உலகெங்கும் நிலைத்த வழக்கமாயிற்று.

தோட்டத்துத் தூக்குச்சட்டி

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த தொழிலாளரோடு இவ்வழக்கமும் வந்தது. ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்கு வடியும்; வெயில் ஏறினால் குறையும். எனவே பால்வெட்டும் தொழிலாளி பொழுது புலருமுன் எழுந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தன் நிரைக்குச் செல்வார். தூக்குச்சட்டியில் சோறும், புட்டியில் வரக்காப்பியும் உடன் செல்லும். மரங்களைச் சீவி முடித்துப் பசியாற உட்காரும் நேரத்தில் இரண்டும் ஆறியிருக்கும். சருகு உதிர்ந்து கிடக்கும் ரப்பர்க் காட்டில் தீ மூட்டுவது இடர் தருவது. அதற்கு நேரமும் இல்லை. சூடான சோறு என்பது மாலையில் லயத்துக்குத் திரும்பிய பின்னரே கிடைத்தது. ஆறிய சோறாயினும் அது அவர் கட்டிய சோறு; விரும்பிய மரத்தடியில், விரும்பிய வேளையில் அவரே அவிழ்க்கும் சோறு.

நீரில் பிறக்கும் சூடு

நெருப்பைக் கட்டிக்கொள்ள இயலாது என்ற நிலையை மாற்றிய பொருள், தமிழர் வீட்டு வெற்றிலைப் பெட்டிக்கு அயலானது அன்று. அது சுண்ணாம்பே.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் இட்டு 900 பாகை அளவில் சுட்டால், கரிவளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் அது சீறும், பொங்கும், ஆவி கிளம்பும். சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதை எட்டி நின்று பார்த்த சிறுவர் அனைவரும் இதனை அறிவர். தண்ணீர் நெருப்பை அணைப்பதன்றோ? இங்குத் தண்ணீரே சூட்டை எழுப்புகிறது. மேல்நாட்டில் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அகுஸ்தீனும் தம் ‘இறைவனின் நகரம்’ என்னும் நூலில் இவ்வியப்பைக் குறித்திருக்கிறார்.

இன்றைய வேதியியல் இவ்வியப்பைக் கணக்காகவே காட்டுகிறது. 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் நீரோடு சேர்ந்து நீறும்போது ஏறத்தாழ 15 கிலோ கலோரி வெப்பம் வெளிப்படுகிறது. 200 கிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்கு உயர்த்த 14 கிலோ கலோரி போதும். வழியில் ஒரு பகுதி வீணாகும் என்பதால் சற்று மிகுதியாகச் சுண்ணாம்பு வைத்தால், ஒருவர் உணவு சூடாகிவிடும்.

இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்தது அன்று. காளவாயில் எரிந்த விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பில் அடங்கிக் கிடந்தது. நீர் பட்டதும் வெளிவந்தது. அடுப்பில்லாப் பெட்டி எனப்படுவது, உண்மையில் அடுப்பை முன்னரே வேறோரிடத்தில் எரித்துவிட்ட பெட்டியாகும். கட்டுச்சோற்றோடு கட்டுநெருப்பும் சேர்ந்தது என்று இதனைச் சொல்லலாம்.

இரு போர்க்களங்கள்

இவ்வறிவை உணவோடு இணைக்கத் தூண்டியது போர். பிரான்சு நாட்டு நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மூடிச் சூடாக்கிக் காக்கும் முறையைக் கண்டு, 1810இல் அரசின் பரிசாக 12,000 பிராங்கு பெற்றார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் தகரப் பெட்டி முறைக்கு உரிமம் வழங்கப்பட்டது. உணவு கெடாமல் நெடுநாள் நிற்க வழி பிறந்தது. சூடு மட்டும் எஞ்சியது. உருசியப் பொறியாளர் பியோதரோவ் 1897இல் சுண்ணாம்பும் நீரும் அடங்கிய இரட்டைச் சுவர்த் தகரப் பெட்டியை அமைத்தார் என்பர்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷார் வேறொரு வழியை மேற்கொண்டனர். ஹைன்ஸ் நிறுவனத்தின் சூப்புப் பெட்டிகளின் நடுவே ஒரு குழாய் அமைத்து, அதனுள் எரிபொருள் வைத்தனர். திரியைச் சிகரெட்டு நெருப்பால் பற்றவைத்தால் சில நிமிடங்களில் சூப்புக் கொதிக்கும். 1944இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய படைவீரர்க்கு இவை வழங்கப்பட்டன. பற்றவைக்குமுன் பெட்டியின் மூடியில் துளையிட வேண்டும். இல்லையேல் ஆவியின் அழுத்தத்தால் பெட்டி வெடிக்கும். இத்துளையை நினைவில் வைத்தல் நலம்.

இதற்கு முந்திய ஆண்டில் சயாம்–பர்மா எல்லைக் காட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 415 கிலோ மீட்டர் நீளமுள்ள மரண ரயில் பாதையை ஜப்பானியர் 1942 முதல் 1943 அக்டோபர் வரை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான தமிழர் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அங்கு வாந்திபேதி பரவியது. காய்ச்சாத நீரே அந்நோயின் ஊர்தி. நீரைக் காய்ச்சிக் குடிக்க ஒழுங்கும் கலமும் விறகும் கிடைத்த முகாம்களில் பலர் பிழைத்தனர்; அவை கிடைக்காத தொழிலாளர் முகாம்களில் மாண்டோர் தொகை மிகுந்தது. சூடு என்பது நாவின் சுவைக்கு மட்டும் உரியது அன்று, உயிர்காப்பும் அதுவே என்பதை இவ்வரலாறு கடுமையாகவே கற்பித்தது.

துளையிட்ட பெட்டி

போர் முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் மலாயாவில் மற்றொரு சோதனை வந்தது. 1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31இல்தான் அது முடிவுற்றது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்த மக்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் முட்கம்பி வேலிக்குள் ஒருங்கு தொகுக்கப்பட்டன.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு எட்டாமல் தடுப்பதே இத்திட்டத்தின் உட்கருத்து. 1952ஆம் ஆண்டு சிரம்பான் சுற்று வட்டாரத்தில் ‘ஹைவ்’ என்னும் பெயரில் நிகழ்ந்த நடவடிக்கை, உணவைத் தடுத்துக் காட்டுப்படையைப் பணியவைக்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அரிசி அளவிட்டு விற்கப்பட்டது. வேலைக்குச் செல்வோர் வாயிலில் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுசெல்லத் தடை இருந்தது. வழியுணவு என்னும் பழைய வழக்கம் ஒரே ஆணையால் குற்றமாயிற்று. பொழுது விடியுமுன் புறப்பட்டவர், வேலை முடித்து வேலிக்குள் திரும்பும் வரை பசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவரானார்.

இக்கட்டுப்பாடுகளுள் இரண்டு நுணுகி நோக்கத்தக்கவை. முதலாவது, கடையில் தகரப் பெட்டி உணவு வாங்கினால் கடைக்காரர் அதில் துளையிட்டே தர வேண்டும் என்பது. துளைபட்ட பெட்டியின் உணவு விரைவில் கெடும். ஆதலின் அதைக் காட்டில் சேமித்து வைக்க முடியாது. இரண்டாவது, சில இடங்களில் பச்சை அரிசியாகத் தராமல், பொதுச் சமையற்கூடத்தில் சோறாக்கியே விற்றமை. அரிசி மாதக்கணக்கில் நிற்கும். சோறு வெப்ப நாட்டில் ஒரு நாளைத் தாண்டாது.

கட்டுச்சோற்றைக் காத்த அதே அறிவு இங்குத் தலைகீழாகப் பயன்பட்டது. கெடாமல் காப்பது எப்படி என்று பாட்டிமார் எண்ணினர். விரைந்து கெடச் செய்வது எப்படி என்று அதிகாரிகள் எண்ணினர். நார்மண்டியில் வீரன் தன் பெட்டியில் இட்ட துளை, அவன் சூடாக உண்பதற்கு. மலாயாவில் கடைக்காரர் இட்ட துளை, வாங்கியவர் அதை நாளைக்கென வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. துளை ஒன்றே, நோக்கம் இரண்டு. காட்டுப்படையை அடக்குவதற்கு இக்கடுமை வேண்டியிருந்தது என்று சிலர் வாதிப்பர். அவ்வாதம் எதுவாயினும், அதன் விலையை நாள்தோறும் வயிற்றால் செலுத்தியோர் படைவீரர் அல்லர். பால்வெட்டுத் தொழிலாளரும் புதுக்கிராமத்தாருமே ஆவர்.

இன்றைய பெட்டி

1961இல் மைசூரில் நிறுவப்பட்ட பாதுகாப்புத்துறை உணவு ஆராய்ச்சிக் கூடம், இந்தியப் படைவீரர்க்கு நெடுநாள் கெடாத சமைத்த உணவுப் பைகளை உருவாக்கியது. அமெரிக்கப் படையில் 1990ஆம் ஆண்டளவில் தீயில்லாச் சூடாக்கும் பை வழக்கத்துக்கு வந்தது. அதில் சுண்ணாம்புக்கு மாறாக மக்னீசியம், சிறிது இரும்பு, உப்பு ஆகியவை உள்ளன. சிறிது நீர் ஊற்றினால், 227 கிராம் உணவின் வெப்பத்தைப் 12 நிமிடத்தில் 56 பாகை உயர்த்தும். அண்மை ஆண்டுகளில் சீனாவிலிருந்து வரும் சூடேறும் பெட்டிகள் மலேசியக் கடைகளிலும் இடம்பெற்றுள்ளன.

இவற்றின் உண்மையான பயன் இடர்க்காலத்தில் வெளிப்படும். 2021 டிசம்பரில் சிலாங்கூர் வெள்ளத்தின்போது ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் சிக்கினர். அத்தகைய வேளையில் மின்சாரம் இராது. அடுப்பு நீரில் மூழ்கியிருக்கும். சூடேறும் பொட்டலத்துக்கு ஊற்றும் நீர் உணவில் கலப்பதில்லை. ஆகவே அது குடிநீராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சுற்றி நிற்கும் வெள்ள நீரைக் கொண்டே சோற்றைச் சூடாக்கலாம்.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். மக்னீசியமோ அலுமினியமோ கலந்த பொட்டலங்கள் நீரகவளியை வெளியிடும். அது தீப்பற்றும் இயல்புடையது. எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், தீச்சுடர் அருகில் இல்லாமல் பயன்படுத்த வேண்டும். ஆவி வெளியேறும் துளையை அடைக்கலாகாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு; சிறுவர் கையில் தனியே விடலாகாது. விமானங்களிலும் இவற்றைக் கொண்டுசெல்லப் பல நிறுவனங்கள் இசைவதில்லை. விலையும் சாதாரணச் சோற்றுப் பொட்டலத்தைவிட மிகுதி. ஆதலின் இது நாள்தோறும் உண்பதற்கு அன்று; இடருக்கென எடுத்து வைப்பதற்கே உரியது.

ஆசிரியர்க்குரிய பாடம்

மேல்வகுப்பு அறிவியல் பாடத்தில் வெப்பம் உமிழ் வினையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இப்பெட்டி நல்லதோர் எடுத்துக்காட்டு. கட்டுச்சோற்றிலிருந்து தொடங்கி, காளவாய்ச் சுண்ணாம்பு வழியாகச் சென்றால், மாணவர் தம் வீட்டறிவே வேதியியலின் வாயில் என்பதைக் காண்பர். சாரணர் பாசறையில் ஆசிரியர் முன்னிலையில் ஒரு பெட்டியைச் சூடாக்கிக் காட்டினால் அப்பாடம் மறவாது.

வரலாற்றுப் பாடத்தை மட்டும் விட்டுவிடலாகாது. அவசரகாலம் என்னும் சொல் இன்று உணவைச் சேர்த்து வைக்கும் காலத்தைக் குறிக்கிறது. லாபு போன்ற தோட்டப்புறங்களின் முதியோர்க்கோ அதே சொல் வாயிலில் சோதனைக்கு நின்ற காலத்தைக் குறிக்கும். அன்று பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். முட்கம்பி வேலிக்குள் சோறு எப்படி அளக்கப்பட்டது, காட்டில் பசியை எப்படி ஆற்றினர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்க இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. தோட்டப் பள்ளி மாணவர் அவர்களிடம் சென்று ஒவ்வொருவர் நினைவையும் ஒரு பக்க அளவில் எழுதி வந்தால், அது பள்ளி நூலகத்தில் வைக்கத்தக்க ஆவணமாகும். அவ்வேலையை இந்த ஆண்டே தொடங்குதல் நன்று.