குடியிருப்புத் தெருக்களின் வேக வரம்பு: ஒரு வரலாறு

வீடுகள் நிறைந்த தெருக்களில் மோட்டார் வாகனங்கள் செல்லத்தக்க உச்ச வேகத்தைச் சட்டப்படி குறைத்து வைப்பதே குடியிருப்புத் தெரு வேக வரம்பு ஆகும். பல நாடுகளில் இது மணிக்கு 30 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சென்னையின் குடியிருப்புப் பகுதிகளில் 2023 நவம்பர் 4 முதல் இந்த வரம்பு நடைமுறைக்கு வந்தது.

கரிசல் நகரின் தெருக்கள்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பூமியில், மதுரை - திருநெல்வேலி வழியில் உள்ளது கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்ற ஊர். கரிசல் மண் மழையில் உப்பிக் குழையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தார் வராத காலத்தில், மழை பெய்தால் மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும். வண்டியின் வேகத்தை அன்று மண்ணே கட்டுப்படுத்தியது.

அந்தத் தெருக்கள் போக்குவரத்துக்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. வாசலிலும் திண்ணையிலும் அமர்ந்து பெண்கள் தீப்பெட்டி ஒட்டினர். வற்றல் காய வைத்தனர். பிள்ளைகள் விளையாடினர். கோடை இரவுகளில் வெளியே கட்டில் போட்டுப் படுத்தனர். தாரும் சிமெண்ட்டும் வந்தபின் மண்ணின் தடை நீங்கியது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு சட்டத்தின் கைக்கு மாறியது.

சட்டம் பார்த்தது வண்டியை

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. அதன்பின் வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த வகை வண்டி எவ்வளவு வேகம் போகலாம் என்பதைத் தனி அட்டவணையில் தந்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு, உச்ச வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. 2018 ஏப்ரலில் வந்த மத்திய அரசு அறிவிக்கை, நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70, இருசக்கர வாகனங்களுக்கு 60 கிலோமீட்டர் என உச்ச வேகத்தை வகுத்தது. அகன்ற முதன்மைச் சாலையும் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்தும் 'நகராட்சி எல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. இந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் ரத்து செய்து, வரம்புகளைக் குறைக்குமாறு ஆணையிட்டது.

நடந்து செல்வோரைச் சட்டம் முழுவதும் மறந்துவிடவில்லை. ஊர்வலத்தையோ சாலைப் பணியாளர்களையோ கடக்கும்போது 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை ஒழுங்குமுறைகள் கூறின. ஆனால் அந்தக் காப்பு சில தருணங்களுக்கு மட்டுமே உரியது.

பிற நாடுகளில்

பிரிட்டனின் 1865-ஆம் ஆண்டுச் சட்டம், தானே இயங்கும் வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைல் வேகத்திலேயே செல்ல வேண்டும் என்றது. முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டும். 1935-இல் அங்கு கட்டடங்கள் நிறைந்த பகுதிகளுக்கு 30 மைல் (48 கிலோமீட்டர்) வரம்பு வந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960-களின் இறுதியில், மரங்களும் வளைவுகளும் வைத்துத் தெருவின் வடிவத்தையே மாற்றினர். 1976-இல் அத்தகைய தெருக்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. ஜெர்மனியின் முதல் 30 கிலோமீட்டர் மண்டலம் 1983-இல் புக்ஸ்டெஹூடெ என்ற சிற்றூரில் தொடங்கியது. 2021-இல் ஸ்பெயின், திசைக்கு ஒரு தடம் மட்டுமுள்ள நகரச் சாலைகள் அனைத்துக்கும் 30 என அறிவித்தது.

சென்னை தரும் பாடம்

2023 ஜூனில், சென்னையில் பகல் நேர வரம்பு 40 கிலோமீட்டர் என்ற செய்தி வெளியானதும் வாகன ஓட்டிகள் எதிர்த்தனர். அகன்ற சாலைகளுக்கு அது ஒவ்வாது என்பது அவர்கள் வாதம். இதனை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. நவம்பரில் வந்த வரம்புகள் இவை: கார் உள்ளிட்ட இலகு ரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40. குடியிருப்புப் பகுதியில் மட்டும் எல்லா வண்டிக்கும் 30. இங்கு முதன்மைச் சாலையும் வீட்டுத் தெருவும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. வண்டியின் வகையைப் பாராமல் இடத்தைப் பார்த்து வரம்பு வைக்கப்பட்டதே இதன் சிறப்பு.

முப்பதின் கணக்கு

வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி ஆகிறது எனக் கொண்டால், உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கச் சுமார் 13 மீட்டர் போதும். 60-இல் சுமார் 36 மீட்டர் வேண்டும். நெருக்கமான தெருவில் முதலாவது இரண்டு வீட்டு அகலம். மற்றது ஐந்தாறு வீட்டு அகலம். பந்தைத் துரத்தி வாசலைத் தாண்டும் பிள்ளையின் உயிர் இந்த இடைவெளியில் இருக்கிறது. இதற்காக ஓட்டுநர் இழக்கும் நேரம் சிறிது. 500 மீட்டர் தெருவை 50-இல் கடக்க 36 வினாடியும் 30-இல் கடக்க 60 வினாடியும் ஆகும்.

பலகையும் வேகத்தடையும்

பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது, வேகத்தடையும் வேண்டும். 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, வண்டிகள் 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கும்படி அது அமைய வேண்டும் என இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வழிகாட்டியது. ஊர்களில் காணப்படும் குறுகலான செங்குத்து மேடுகள் இரவில் இருசக்கர வாகனங்களைக் கவிழ்க்கும். ஆம்புலன்சில் இருக்கும் நோயாளியையும் உலுக்கும்.

வரம்பைக் குறைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ, குறிப்பிட்ட பகுதிக்குக் குறைந்த வேகத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை 112-ஆவது பிரிவு மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அலுவலருக்கும் தந்துள்ளது. அரசிதழில் அறிவித்துப் பலகை வைக்க வேண்டும். கோவில்பட்டியில் தொலைதூர வண்டிகளுக்கு நாற்கரச் சாலை தனியே இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் வீட்டுத் தெருக்களைப் பெரும்பாலும் பயன்படுத்துவோர் அங்கு வாழ்பவர்களே. வரம்பு குறைந்தால் சில வினாடிகளை இழப்பவர்களும், அதனால் காக்கப்படுபவர்களும் ஒரே ஊர்க்காரர்கள்தாம்.