"என்ன வேலை பாக்குறீங்க?": தறிக்குழியில இருந்து ஒரு வலியின் வரலாறு

1/ கும்பகோணத்துல இருந்து மயிலாடுதுறை ரோட்டுல கொஞ்ச தூரம் போனா திருபுவனம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பட்டு. புடவையைப் பாத்திருப்பீங்க. அதை நெய்யறவர் எப்படி உட்கார்ந்திருக்கார்னு பாத்திருக்கீங்களா?

2/ குழித்தறி. விளிம்புல உட்கார்ந்து, குழிக்குள்ள காலால மிதியை மாத்தி மாத்தி மிதிக்கணும். மொத்த பாரமும் பிட்டத்துல இருக்கற ரெண்டு எலும்பு முனைகள் மேலதான். அங்கே மெத்தை மாதிரி ஒரு நீர்ப்பை உண்டு. அது உரசி வீங்கினா உட்காரவே முடியாது.

3/ இங்கிலாந்து நெசவாளர்களுக்கும் இதே வலி. ஆங்கில மருத்துவத்துல இதுக்குப் பேரே 'வீவர்ஸ் பாட்டம்'!

4/ 1700-ல் இத்தாலி டாக்டர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர் நோய்களுக்குன்னே ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட இந்தக் கேள்வியையும் கேளுங்கன்னார்: என்ன வேலை பாக்குறீங்க?

5/ வால் எலும்பு வலிக்கு 1859-ல் பேர் வச்சவர் எடின்பரோ பிரசவ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன். வழுக்கி விழுந்தா மட்டுமில்ல, பிரசவத்துலயும் அந்த எலும்பு அடிபடும். நம்ம வீட்டுப் பெண்கள் பலர் இதை வெளிய சொல்றதே இல்ல.

6/ 1934-ல் அமெரிக்காவின் மிக்ஸ்டரும் பாரும், முதுகு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினா காலுக்கு வலி இறங்கும்னு காட்டினாங்க. ஆக, பிட்டத்துல வலின்னா கோளாறு அங்கேயேதான் இருக்கணும்னு இல்ல.

7/ வலிக்கற இடத்தை ஒரு விரலால தொடுங்க.
நடுவுல, ஆசனவாய்க்கு மேலே: வால் எலும்பா இருக்கலாம்.
உட்கார்ற எலும்பு முனையில: நீர்ப்பை வீக்கம்.
பிட்டத்துல ஆரம்பிச்சு முழங்காலுக்குக் கீழே இறங்கினா: நரம்பு.

8/ அரைமணிக்கு ஒருதடவை எழுந்திருங்க. வால் எலும்பு வலிக்கு, பின்பக்கம் வெட்டு விட்ட குஷன். வெந்நீர் ஒத்தடம், பிசியோதெரபி, டாக்டர் சொன்ன அளவுல வலி மாத்திரை. பெரும்பாலானவங்களுக்கு இதுலயே குறையும். குறையலன்னா ஊசி. ஆபரேஷன் ரொம்ப அபூர்வம்.

9/ ஆனா உட்கார்ற இடம் மரத்துப்போச்சு, சிறுநீர் வரல அல்லது அடக்க முடியல, கால் பலமிழக்குது: அன்னிக்கே, அந்த மணிநேரமே ஆஸ்பத்திரி. காய்ச்சல், எடை குறையறது, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கற வலி இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

10/ 'மூலமா இருக்கும், சூடா இருக்கும்'னு நாமளே முடிவு பண்ணி, வெட்கப்பட்டு மாசக்கணக்கா தாங்கிக்கறோம். தறியோ, பஸ் ஸ்டியரிங்கோ, கம்ப்யூட்டரோ, எத்தனை மணிநேரம் உட்கார்றீங்கன்னு டாக்டர் கேக்கலன்னா நீங்களே சொல்லுங்க. பாதி வைத்தியம் அந்தப் பதில்லதான் இருக்கு.