லாலி ஏன் தியாகதுருகத்தைக் கொடுத்தார்?

கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் தியாகதுருகம் நெருங்கும்போதே, ஊருக்கு மேல் எழுந்து நிற்கும் பாறைக்குன்று கண்ணில் படும். அதன் மேல் கோட்டையின் மிச்சம் இன்னும் இருக்கிறது. திப்பு சுல்தானின் கோட்டை என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. ஆனால் 1790 இறுதியில் திப்பு இதைத் தாக்கியபோது, கேப்டன் பிளின்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி அவரைத் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர்ப் படையின் கைக்கு இந்தக் கோட்டை வந்த கதை அதற்கும் முப்பது ஆண்டு மூத்தது. அந்தக் கதையைத்தான் நான் தேடினேன்.

முதல் தடை, பெயர். கம்பெனிக் காலத்து நூல்களின் பொருளடைவில் ‘தியாகதுருகம்’ என்று தேடினால் அகப்படாது. ‘தியாகர்’ என்று சுருக்கி, ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது தடை, மாவட்டம். கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். 1993 வரை இந்த வட்டாரம் தென்னார்க்காடு. எனவே சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர் தென்னார்க்காட்டுப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும். கல்வராயன் மலையைத் தேடுகிறவருக்கு இன்னும் ஒரு படி வேலை அதிகம். மலையின் மேற்குப் பாதிக்குச் சேலம் மாவட்டப் பட்டியலையும் பார்க்க வேண்டும்.

கார்ஸ்டின் 1878-இல் எழுதிய தென்னார்க்காடு கையேடும், பிரான்சிஸ் 1906-இல் எழுதிய கெசட்டியரும் வழிகாட்டிப் பலகைகள். அங்கிருந்து ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றுக்குப் போனேன். 1757-இலேயே நம்மூர்ப் பெயர்கள் அதில் வரத் தொடங்கிவிடுகின்றன. தியாகதுருகத்தின் கில்லேதார் கிருஷ்ணராவ், எலவனாசூரை வைத்திருந்த மீர் உசேன் கான் என்று ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு தலைவர். அந்த ஆண்டே பிரெஞ்சுக்காரர் எலவனாசூரைப் பிடித்தார்கள். உசேன் கான் காயம்பட்டு இறந்தார். அந்த ஊர் இன்றும் எலவனாசூர்கோட்டை என்றே அழைக்கப்படுகிறது.

என்னை நிறுத்தி வைத்தது 1760. அந்த ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றார். பிறகு காரைக்கால் உட்பட ஒவ்வோர் இடமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. புதுச்சேரிக்கு அரிசியும் மாடும் குதிரைப்படையும் தேவை. லாலி மைசூரின் ஐதர் அலியிடம் உதவி கேட்டார். அதற்கு ஈடாக அவர் கொடுத்த கோட்டைகள் தியாகதுருகமும் எலவனாசூரும்.

கையில் இருக்கும் நல்ல கோட்டையை, அதுவும் போர் நடக்கும்போது, யாராவது கொடுப்பார்களா? ஓர்ம் 1758-லேயே சென்னையை விட்டுப் போனவர். கடிதங்களை வைத்து லண்டனில் எழுதினார். படை நகர்வுகளை அவரிடம் நம்பிக் கேட்கலாம். மைசூரின் மனநிலை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அதற்கு, பின்னாளில் மைசூரில் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸைப் படிக்க வேண்டும். அவரது முதல் தொகுதி 1810-இல் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தும் ஒன்று மட்டும் விளங்கவில்லை: ஏன் இந்த இரண்டு ஊர்?

விடை வரைபடத்தில் இருந்தது. வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே வசிஷ்ட நதி ஓடும் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. மைசூர் ஆட்கள் மலையிலிருந்து சமவெளிக்கு மாட்டையும் தானியத்தையும் ஓட்டி வர இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த வழி சமவெளியைத் தொடும் இடத்தில் தியாகதுருகம். கொஞ்சம் கிழக்கே எலவனாசூர். வாசற்படியைத் தங்கள் கையில் கொடுத்தால்தான் ஐதரின் ஆட்கள் உள்ளே வருவார்கள். லாலி கொடுத்தது கோட்டையை என்பதைவிட, பாதையை என்பதே சரி. சேலம் – உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை இன்றும் அதே இடைவெளியில்தான் ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் என்று வருகிறது.

ஐதரின் மைத்துனர் மக்தூம் அலி இந்த வழியே வந்தார். 1760 ஜூலை 17 அன்று திருவதிகைப் பக்கம் மேஜர் மூரின் ஆங்கிலேயப் படையைச் சிதறடித்தார். புதுச்சேரிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஆகஸ்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ஐதரிடம் பணிபுரிந்திருந்த காண்டேராவ் அவருக்கு எதிராகக் கிளம்பினார். ஐதர் தப்பியோட, மக்தூமுக்குத் திரும்பிவர அழைப்பு போனது. மைசூர்ப் படை தியாகதுருகத்தைப் பிரெஞ்சுக்காரரிடமே விட்டுவிட்டு மலையேறியது. பட்டினியில் வாடிய புதுச்சேரி 1761 ஜனவரி 16 அன்று சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், அந்நகரின் கதையைத் தமிழில் நாள்தோறும் எழுதிவந்த ஆனந்தரங்கம் பிள்ளை இறந்திருந்தார். தலைநகர் போன பிறகும் தியாகதுருகக் குன்றில் பிரெஞ்சுக்கொடி பறந்தது. ஆங்கிலேய மேஜர் பிரெஸ்டனின் முற்றுகைக்குப் பிறகே, பிப்ரவரியில் அது இறங்கியது.

இத்தனை தாள்களிலும் எனக்குக் கிடைக்காதவர்கள் அந்தக் குன்றின் கீழே வாழ்ந்தவர்கள். படைக்கு யார் நெல் கொடுத்தார்கள், யாருடைய மாடு ஓட்டிச் செல்லப்பட்டது என்று ஓர்ம் எழுதவில்லை. ஆனால் பக்கத்துக் கல்வராயன் மலைமேல் சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்கள் 1976 வரை நடந்தன. அத்தனை நீண்ட ஆட்சி எழுத்தில் எதையும் விடாமல் போயிருக்காது. கோட்டைச் சுவரைப் பற்றி அரசுதான் கவலைப்பட வேண்டும். ஓலையும் செப்பேடும் நம் வீட்டுப் பரணில் இருப்பவை.

சின்னசேலம், சங்கராபுரம், கல்வராயன் மலைப் பக்கத்தில் உங்கள் வீட்டில் பழைய ஓலைச்சுவடி, பட்டயம், ஜாகீர்க் காலத்து ரசீது இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். செப்பேட்டைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவைத்து, தொல்லியல் துறை அலுவலகத்திலோ பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையிலோ காட்டுங்கள்.