900 வருடப் புத்தகமும் 15 வருடத் தட்டும்

பழைய கணனிகளைத் தேடிச் சேர்ப்பவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதுண்டு. "இந்தப் பழைய சாமானை வைத்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்பதும் உண்டு. அதற்கான பதில் ஒன்று பிரித்தானியாவின் அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது.

1981 டிசம்பரில் கேம்பிரிஜ் நகரின் ஏகோர்ன் நிறுவனம் 'பிபிசி மைக்ரோ' என்ற கணனியை வெளியிட்டது. பொதுமக்களுக்குக் கணனி அறிவு கொடுக்க பிபிசி தொடங்கிய திட்டத்தின் ஒரு பகுதி அது. பாடசாலைகள் வாங்குவதற்கு அரசாங்கம் பாதி விலையைக் கொடுத்தது. அதன் 'பி' மாதிரியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம்கூட அதில் அடங்காது. ஆனாலும் இன்று நம் கையடக்கத் தொலைபேசிகளில் இருக்கும் ஆர்ம் சிப்பின் முதல் பிரதியை 1985இல் இயக்கிப் பார்த்தது இந்தக் கணனியோடு இணைத்துத்தான்.

1086இல் முதலாம் வில்லியம் மன்னர் இங்கிலாந்தின் நிலபுலங்களைக் கணக்கெடுத்து எழுதுவித்த நூல் 'டூம்ஸ்டே'. அதன் 900ஆவது ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி அதற்கொரு புதிய வடிவம் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பாடசாலைகளின் பிள்ளைகள் தத்தமது ஊரைப் பற்றி எழுதினார்கள், படமெடுத்தார்கள். எல்லாம் பெரிய லேசர் தட்டுகளில் பதியப்பட்டன. அவற்றைப் பார்க்க பிபிசி மாஸ்டர் கணனியும் அதற்கென்றே செய்த பிளேயரும் வேண்டும். பங்களித்த பல பாடசாலைகளுக்கே அதை வாங்க வசதியிருக்கவில்லை.

பதினைந்து வருடம் போனது. தட்டுகள் இருந்தன, வாசிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. ஆட்டுத்தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டு நூலோ இன்றும் திறந்தால் வாசிக்கலாம்!

2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தட்டுகளின் உள்ளடக்கத்தை எடுத்து, புதிய கணனியில் பழைய கணனியைப் போல இயங்கும் மென்பொருள் மூலம் திரும்பவும் பார்க்கும்படி செய்தார்கள். அப்போதும் தட்டை வாசிக்க, வேலை செய்யும் பழைய பிளேயர் ஒன்று தேவைப்பட்டது. யாரோ ஒருவர் குப்பையில் போடாமல் வைத்திருந்தால்தான் அப்படி ஒன்று கிடைக்கும்.

இன்றும் பிபிசி மைக்ரோவைச் சேகரிப்பவர்கள் அதை அலுமாரியில் பூட்டி வைப்பதில்லை. வாங்கியவுடன் மின்சாரம் கொடுப்பதும் இல்லை. முதலில் மின்வழங்கிப் பெட்டியைத் திறந்து, பழைய கெபாசிட்டரை மாற்றுவார்கள். அது வெடித்துப் புகை கக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பழுதடைந்த ப்ளொப்பி டிரைவுக்குப் பதில் மெமரி கார்ட் பொருத்துவார்கள். பிளெச்லி பார்க்கில் உள்ள கணனி அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகள் அதே பழைய கணனிகளில் தம் கையால் நிரல் எழுதிப் பழகுகிறார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எமது பாடசாலை அலுமாரியில் மூன்று ப்ளொப்பிகள் கிடக்கின்றன. மேலே 'விழா மலர்' என்று பேனையால் எழுதியிருக்கிறது. உள்ளே என்ன என்று பார்க்க எம்மிடம் கருவி இல்லை. அதே அலுமாரியில் உள்ள சேர்விடாப்பில் எமது மூத்தவர்களின் பெயர்கள் மை மங்கினாலும் தெளிவாகத் தெரிகின்றன.

நம் ஊரின் படங்களும் பெரியவர்களின் குரல்களும் இப்போது நம் போன்களில்தான் இருக்கின்றன. போன் பழுதானால்? எனவே, உறவுகளே, முக்கியமானவற்றை இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். சிலதையாவது அச்சிட்டு, படத்தின் பின்னால் பெயரும் வருடமும் எழுதுங்கள். வீட்டில் பழைய கணனியோ ப்ளொப்பி டிரைவோ இருந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்குமுன் எமக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மூன்று ப்ளொப்பிகளும் காத்திருக்கின்றன.