கைத்தொழிலும் கல்வியும்

தொழிற்கல்வி என்றவுடன், படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கு உரியது அது என்று கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. நாட்டுக் கல்வியின் நடுவிலேயே கைத்தொழிலை அமர்த்த முனைந்தோரும் உண்டு.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதன் முடிவுகளைப் பாடத்திட்டமாக வகுக்கும் பொறுப்பு, ஜாமிஆ மில்லிய்யாவின் துணைவேந்தராய் விளங்கிய டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பெற்றது. 7 வயது முதல் 14 வரை, தாய்மொழி வாயிலாக, நூற்பு, நெசவு, தச்சு, உழவு போன்ற தொழில்களுள் ஒன்றை அடிப்படையாகக் கொண்ட கல்வியை அக்குழு வரைந்தது. ஐந்தரை மணி நேரப் பள்ளிநாளில் 3 மணி 20 நிமிடம் தொழிலுக்கே ஒதுக்கப்பெற்றது.

மாணவர் உழைப்பின் வருவாய் பள்ளிச் செலவுக்கு உதவ வேண்டும் என்பது காந்தியடிகளின் விழைவு. குழு அதனை மறுக்கவில்லை. எனினும், வருவாயிலேயே கண்வைத்தால் கல்வியின் நோக்கம் கெடும் என எச்சரித்தது. தக்ளி சுற்றும் பிள்ளை நூலின் அளவில் கணக்கையும், பருத்தி விளையும் நிலத்தில் புவியியலையும் கற்பதன்றோ கல்வி!

1938இல் ஹரிபுரா காங்கிரஸ் இத்திட்டத்தை ஏற்றது. விடுதலைக்குப் பின் ஆதாரப் பள்ளிகள் பெருகின; வசதி படைத்தோர் தம் மக்களைப் பெரும்பாலும் வேறு பள்ளிகளுக்கே அனுப்பினர். 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, மேனிலை மாணவருள் 25 விழுக்காட்டினரை 1995க்குள் தொழிற்பிரிவில் சேர்க்க இலக்கு வகுத்தது; அதுவும் நிறைவேறவில்லை.

தனியே ஒதுக்கப்பட்ட தொழிற்கல்வி எளியோரின் பங்காகத் தாழ்ந்துவிடுகிறது. அனைவர்க்கும் பொதுவானாலன்றி அது மதிப்புப் பெறாது. நம் பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுக்க நாம் ஆயத்தமா?